சாய்வுத் தெருவில் எவரிஸ்தோ

எவரிஸ்தோ மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அது முழுசாகத் தீரவில்லை. எங்கள் ஊர்ப் பாதுகாவலர் புனித வெனான்சியார் சிலையை இருபது வருஷத்துக்கு மேல் தோளில் சுமந்திருக்கிறேன். ஒரு வருஷமாவது ஜனங்கள் என் முகத்தைப் பார்க்கும்படி அந்த மனுஷன் என்னை நிறுத்தியதில்லை.

காரணம் என் உயரம். சப்பரத்தில் யார் எங்கே நிற்பது என்று சொல்வது எவரிஸ்தோ வேலை. மலை ஏறும்போது குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். அப்படி இல்லாவிட்டால் சப்பரம் பின்பக்கம் சரிந்து சாமி வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இறங்கும்போது மாற்றி நிற்போம், நெட்டையானவர்கள் முன்னால். கணக்குச் சரிதான். ஆனால் எங்கள் பவனி காலையில் கோயில் முற்றத்தில் கிளம்பி உச்சியில் இருக்கிற பழைய சிற்றாலயத்துக்கு ஏறும். பேண்டு, மெழுகுவர்த்தி, ஜன்னல்களில் தொங்கும் பட்டு விரிப்பு எல்லாம் ஏறும்போதுதான். மேலே பூசை முடிந்ததும் ஊரே வீட்டுக்கு ஓடிவிடும், அடுப்பில் ஆட்டுக்கறி கிடக்கிறதே. அதற்கப்புறம் நான் முன்னால் ராஜா மாதிரி இறங்கி வருவேன். பார்ப்பதற்கு ரெண்டு நாய் நிற்கும்.

ஏறும்போது எனக்குத் தெரிவது சாமியின் அங்கி மடிப்பும், முன்னால் போகிறவன் பிடரியும்தான். என் பெண்டாட்டி ஒரு வருஷம் கேட்டாள்: "நீங்க நெசமாவே தூக்குறீங்களா, இல்ல எங்கயாச்சும் ஒக்காந்து குடிச்சிட்டு வந்து தோளைத் தேய்ச்சுவிடச் சொல்றீங்களா?"

இதை எவரிஸ்தோவிடம் சொன்னேன். "தோளைத் தேய்ச்சு விடுறாளா இல்லையா? அப்புறம் என்ன?" என்றார்.

அவர் இப்படித்தான். பன்றியை முழுசாக எலும்பெடுத்து, உள்ளே பூண்டும் பெருஞ்சீரகமும் அடைத்து, விறகு அடுப்பில் சுட்டு விற்பதுதான் அவர் தொழில். விறகு நான் கொடுப்பேன். பெரிய தொந்தி, சிவந்த கன்னம், கல்யாணம் இல்லை. சனிக்கிழமைச் சந்தையில் வண்டியின் பலகையைத் திறந்துவிட்டு, முறுகலான தோலை முதலில் தனக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்ட பிறகுதான் வியாபாரத்தை ஆரம்பிப்பார். அவரைப் போல் நிம்மதியாகச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கின மனிதர் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை.

அவருக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். அவர் வெனான்சியாரைத் தூக்கியதில்லை.

அவர் அப்பா தூக்கினவர். அண்ணன்மார் எல்லோரும் தூக்கினவர்கள். கடைசிப் பிள்ளையாக இவர் பிறக்கும்போதே இடது கால் மற்றதைவிட ரெண்டு விரற்கடை கட்டை. நொண்டுகிறவன் தோள் கொடுத்தால் சப்பரம் ஆடும், சாமி தள்ளாடுவார். அதனால் வாலிபத்திலேயே அவரைச் சப்பரத்துக்கு முன்னால் விட்டுவிட்டார்கள். சாமி முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே "இடது தாழ்", "வலது ஏத்து", "படி வருது" என்று குரல் கொடுக்கிற வேலை. நாற்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்தார். புதிதாகத் தோள் கொடுக்க வருகிறவனுக்கு அவர் வைக்கிற பரீட்சை ஒன்று உண்டு. வெறும் சப்பரத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தில் விளிம்பு முட்ட ஒயின் ஊற்றி வைப்பார். தூக்கி நடக்க வேண்டும். சிந்தினால் அடுத்த வருஷம் வா என்பார். கெஞ்சினாலும் கேட்க மாட்டார்.

தனக்கு ஆசை என்று அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு திருவிழாவும் முடிந்து சப்பரத்தைக் கோயிலுக்குள் இறக்கி வைத்து எல்லோரும் வெளியே போனதும், குனிந்து அதைத் தூக்கும் கம்புக்கு அடியில் தோளைக் கொடுத்துப் பார்ப்பார். என் மேல்சட்டையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனபோது ஒருதரம் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

இனி சாய்வுத் தெருவைச் சொல்ல வேண்டும். பவனி போகிற வழியில் பாதியில் வருகிறது. மலையை ஏறாமல் குறுக்கே போகிற தெரு, அதனால் நீளவாட்டில் மேடு பள்ளம் இல்லை. ஆனால் பக்கவாட்டில் சரிவு. போகும்போது இடது பக்கம் உயரம், வலது பக்கம் பள்ளம். மழைத்தண்ணீர் வலது சுவரோரம் ஓடும்படி அந்தக் காலத்திலேயே கல் பதித்துவிட்டார்கள். நான் நிற்பது பின்னால் இடது பக்கம். அந்தத் தெரு முழுக்க முழங்காலை மடித்துக்கொண்டு, கோழி பிடிக்கப் போகிறவன் மாதிரி நடக்க வேண்டும். அந்த இடத்தில் எவரிஸ்தோ "துல்லியோ, தாழு, இன்னும் தாழு, நெட்டைக் கழுதை" என்று ஊர் கேட்கக் கத்துவார்.

எவரிஸ்தோ தினமும் காலையில் வீட்டிலிருந்து அடுப்புக்குப் போவது அந்தத் தெரு வழியாகத்தான். கோயில் முற்றத்தின் குறுக்கே போனால் பாதி தூரம். இவர் சுற்றித்தான் போவார், திரும்பும்போது மட்டும் முற்றத்தின் வழியாக வருவார். அந்தத் தெருவில் எர்சீலியா என்று ஒரு விதவை இருக்கிறாள். ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. கறிக்கடை மார்சியோ அவர் வருவதைப் பார்த்தால் மீசையை நீவிக்கொண்டு இருமுவான். எவரிஸ்தோ சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மூன்று வருஷத்துக்கு முந்தின பனிக்காலம். விறகு இறக்க விடியற்காலையில் போனவன், வழியில் டிராக்டர் நின்றுவிட்டதால் சாய்வுத் தெருவில் நடந்தேன். முன்னால் ஒருத்தர் போய்க்கொண்டிருந்தார். முதுகு எவரிஸ்தோ முதுகு, நடை அவருடையதில்லை. நேராக, தோள் ஆடாமல், பட்டாளத்துக்காரன் மாதிரி போனார். ஊருக்கு வந்த யாரோ சொந்தக்காரர் என்று நினைத்தேன். தெரு முடிந்து சமதளம் வந்ததும் அந்தத் தோள் பொசுக்கென்று இறங்கியது. எவரிஸ்தோவேதான், பழையபடி நொண்டிக்கொண்டு.

அந்தத் தெருவில் கட்டைக் காலுக்கு உயரமான பக்கம் கிடைத்துவிடுகிறது. பவனியில் அவர் திரும்பி நின்று நடப்பதால் கட்டைக் கால் பள்ளத்தில் விழும். அதனால் அந்தத் தெருவில் அவர் இரண்டு மடங்கு நொண்டுவதைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். முன்னோக்கி நடந்தால் என்ன ஆகும் என்று எவனும் யோசிக்கவில்லை.

அடுப்பு வாசலில் வைத்துக் கேட்டேன். "எர்சீலியாவுக்காக இல்லையா அப்போ?"

அவர் பெருஞ்சீரகத்தை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டே இருந்தார். "பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"மனுஷன் தெனமும் கொஞ்ச தூரம் மனுஷனாட்டம் நடந்துட்டுப் போறான். அதுல ஒனக்கு என்னடா நஷ்டம்?"

"அண்ணே, அது என் எடம். பின்னால எடது. நீங்க தூக்கலாம்."

"நொண்டி தூக்குனா சாமி ஆடுவாரு."

"அந்தத் தெருவுல நீங்க நொண்டி இல்லையே."

"வெறகை எறக்கிட்டுப் போடா," என்றார். ஆனால் அன்று கறிக்கு உப்பு ரெண்டு தரம் போட்டுவிட்டார். ஊர் முழுக்கத் தண்ணீர் குடித்தது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் சுமக்கிறவர்கள் எல்லோரும் ஒயின் கடையில் கூடுவோம். நான் எழுந்து, என் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, சாய்வுத் தெருவில் மட்டும் எனக்குப் பதில் எவரிஸ்தோ தூக்கட்டும் என்றேன். வீக்கம் பொய்யில்லை. காலுடையைச் சுருட்டிக் காட்டினேன்.

மார்சியோ முன்வரிசைக்காரன், குட்டையன். அவன் சிரித்த சிரிப்பில் கோப்பை சாய்ந்தது. "நல்லாருக்கே. வெனான்சியாரு குடிச்சிட்டு வர்ற மாதிரி ஊரே பாக்கட்டும்."

எவரிஸ்தோவும் அவன் பக்கமே பேசினார். "மார்சியோ சொல்றது சரி. நானே போட்ட சட்டம். வேற ஆள் பாருங்க."

"கிண்ணம் வச்சுப் பாத்துடலாம். எல்லாருக்கும் வச்சீங்கல்ல? ஒங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். கன்னத்தில் இருந்த சிவப்பு போய்விட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிண்ணம் சிந்தினால், தினமும் காலையில் நடக்கிற அந்தச் சந்தோஷமும் அவருக்கு அதோடு போய்விடும். மார்சியோ அதற்குள் சப்பரத்தை எடுக்க ஆள் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

சாய்வுத் தெருவின் தொடக்கத்தில் சப்பரத்தை வைத்தோம். மார்சியோவே ஒயின் ஊற்றினான், விளிம்பைத் தாண்டிப் புடைத்து நிற்கிற அளவுக்கு. முதலில் பழைய ஆட்களோடு ஒரு நடை, நான் என் இடத்தில். தெரு முடிவில் பலகை நனைந்திருந்தது. "நெட்டைக் கழுதை," என்றார் எவரிஸ்தோ, பழக்கத்தில்.

திரும்பவும் தொடக்கத்துக்கு வந்து கிண்ணத்தை நிரப்பினோம். எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்புக்கடியில் போனார். நான் பக்கத்தில் நடந்தேன். அவர் காலைப் பார்த்தேனே ஒழியக் கிண்ணத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஜன்னலில் எர்சீலியா போர்வை உதறிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

தெரு முடிந்தது. மார்சியோ பலகையை விரலால் தடவி, விரலை மூக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். "சிந்தல," என்றான், ஏதோ அவனை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

எர்சீலியா மேலேயிருந்து சொன்னாள்: "இந்தத் தெருவுல அந்தாளு நொண்ட மாட்டாருன்னு எனக்கு எப்பவோ தெரியும். தெனமும் ஜன்னல் தொறக்குறவ நானு. நீங்க யாராச்சும் வந்து கேட்டீங்களா?"

"சொல்லியிருக்கலாமேம்மா," என்றான் மார்சியோ.

"சொன்னா அப்புறம் நீ எதுக்கு இருமுவே?"

திருவிழா அன்று அந்தத் தெருவில் எவரிஸ்தோ வெனான்சியாரைத் தூக்கினார். குரல் கொடுக்கிற வேலையை நான் செய்தேன். பின்னோக்கி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பேண்டு மேளக்காரன் மேல் இடித்தேன். இடது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வலது என்றேன். எவரிஸ்தோ கம்புக்கடியிலிருந்து, "வாய மூடிட்டு நட, நாங்க பாத்துக்கிறோம்," என்றார். சாமி ஆடவில்லை. அங்கியின் கீழ்மடிப்பு கூட அசையவில்லை. ஜனங்கள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் காட்டினார்கள். தெரு முடிவில் சமதளம் வருவதற்கு முன்னால் நான் "நில்" என்றேன். அவர் வெளியே வந்தார், நான் என் இடத்துக்குப் போனேன். மேலே ஏறும் வரை அவர் ஒன்றும் கத்தவில்லை. நாங்களே பார்த்துப் போய்ச் சேர்ந்தோம்.

அன்று மதியம் சுமந்தவர்களுக்குச் சாப்பாடு. பங்குச் சாமியார் மந்திரித்த ரொட்டி, வளையம் மாதிரி சுட்டது, சுமந்தவனுக்கு மட்டும் ஒன்று கிடைக்கும். அதை வீட்டு வாசல் ஆணியில் வருஷம் முழுக்கத் தொங்கவிடுவோம். உடம்புக்கு முடியாமல் போனால் உடைத்துத் தின்போம். அதைப் பங்கிட்டுக் கொடுப்பது எப்போதும் எவரிஸ்தோதான், தனக்கு எடுத்துக்கொண்டது கிடையாது. அன்றைக்கு எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துக்கங்க அண்ணே," என்றேன்.

"ஒரு தெருவுக்கு முழு ரொட்டியா? அநியாயம்," என்று அதை ரெண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தன் வாசலில் தொங்கவிட நூலில் கட்டித் தரச் சொல்லி எர்சீலியாவிடம் கொடுத்தார். மற்றப் பாதியை மேஜையில் வைத்துப் பன்றிக்கறியோடு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அடுத்த இரண்டு வருஷமும் தூக்கினார், அப்போதும் பாதி ரொட்டிதான் அவர் ஆணியில் தொங்கியது. எனக்கு அந்தத் தெருவில் முழங்கால் வலி விட்டது. கத்துவதுதான் விடவில்லை, கம்புக்கடியிலிருந்தே கத்தினார். போன தவக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார், அப்புறம் எழவில்லை. எர்சீலியா வந்து சூப் வைத்துக் கொடுப்பாள். மார்சியோ மாட்டெலும்பு அனுப்புவான். நான் கணப்புக்கு விறகு கொண்டுபோய் அடுக்குவேன். ஒரு நாள் சாயங்காலம் அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வாசல் பக்கம் கை காட்டினார்.

"துல்லியோ, அந்த ரொட்டிய எறக்கு."

இறக்கினேன். பாதி வளையம், காய்ந்து விறைத்திருந்தது. "கல்லாட்டம் இருக்கு அண்ணே. பால்ல ஊற வைக்கட்டுமா?"

"பால்ல ஊற வைக்க நான் என்ன பச்சப் புள்ளயா? ஒயின்ல போடு. மார்சியோ குடுத்தது வேணாம், புளிச்ச காடி அது. கட்டிலுக்கடியில என் சரக்கு இருக்கு பாரு, செவப்பு. அதை எடுத்து ஊத்து. நல்லா ஊறட்டும்."