செல்லக்கனி அக்கா எறியாமல் விட்ட கல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்டேட் ஜீப், டிஸ்பென்சரிக்கு எதிரே ஓடையின் மறுகரை ரோட்டில் வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை. வண்டிக்குள் இருந்தபடியே உரக்க, "செல்லக்கனி அக்கா போயாச்சு சாரே. விடியக்காலம், பெரிய ஆசுபத்திரியில" என்றார். நான் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன். உருட்டி முடித்து, ஜாடியில் போட்டு, மூடியைத் திருகிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

வேதக்கோயில் மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி உபதேசியார் கேட்டார். மறுத்துவிடலாமா என்று பார்த்தேன். அக்கா ஓடையில் விழுந்ததில் எனக்குப் பங்கு உண்டு. அது தெரிந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனம் இனி என் கையால் ஒரு மாத்திரையாவது வாங்குமா? அந்தப் பயத்தோடுதான் அடக்கத்துக்குப் போனேன். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். செல்லக்கனி அவர்கள் எங்கள் எஸ்டேட்டில் இருபது வருடம் கொழுந்து எடுத்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் துரை பங்களா சமையல்காரர் முதல் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். செங்குத்தான சரிவில் நின்று, இரண்டு கையாலும் கிள்ளி, திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் எறிவார். ஒரு இலை வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை.

எழுபத்து மூன்றாம் வருடம் கம்பவுண்டராக நான் இங்கே வந்தேன். சித்திரபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு மைல் நடை. நடையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஓடைதான் என்னைக் கொன்றது. ரோடும் தேயிலைக் காடும் எடைக்களமும் என் குவார்ட்டர்ஸும் இக்கரை. லயங்களும் கோயிலும் டிஸ்பென்சரியும் அக்கரை. நடுவே பாலமாக ஒரே ஒரு யூக்கலிப்டஸ் மரம், மேல்புறம் மட்டும் செதுக்கிப் போட்டது. பிடித்துக்கொள்ள இடுப்பளவில் ஒரு கம்பி. கீழே இரண்டாள் ஆழத்தில் பாறையும் தண்ணீரும். முதல் வாரம் முழுக்க, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தவழ்ந்துதான் கடந்தேன். அரசாங்கப் பரீட்சை பாஸ் செய்த கம்பவுண்டர், நாலு காலில்!

ஒருநாள் பாதி மரத்தில் தவழ்ந்துகொண்டிருந்தபோது அக்கா பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை.

"கம்பவுண்டரய்யா, கீழ பாக்காதிய. தண்ணி ஓடுதுல்லா, கண்ணும் கூடவே ஓடும். கண்ணு ஓடினா ஆளும் சாயும். அந்தா நிக்கிற மரத்தைப் பாருங்க. அது எங்கயும் ஓடாது."

எழுந்து நின்றேன். மரத்தைப் பார்த்தேன். வந்து சேர்ந்தேன். சட்டை நனைந்திருந்தது, வேர்வையால்.

டிஸ்பென்சரியில் உட்கார்ந்த சில மாதங்களில் ஒன்று எனக்குப் புரியாமல் இருந்தது. கால் பிசகி, முழங்கை பெயர்ந்து வரும் பெண்களில் பெரும்பாலோர் நிறைகூடையோடு விழுந்தவர்கள் அல்லர். எடை போட்டுவிட்டு, வெறுங்கூடையோடு வீடு திரும்பும்போது விழுந்தவர்கள். பாரம் இல்லாதபோது ஏன் விழ வேண்டும்?

அதோடு இன்னொரு வழக்கம். அக்காவின் கூட்டத்துப் பெண்கள் எடை போட்டதும் நேரே பாலம் ஏறமாட்டார்கள். கரையில் நின்று, ஆளுக்கொரு கல் எடுத்து, அக்கரையில் கிடக்கும் பெரிய பாறையைக் குறிவைத்து எறிவார்கள். பட்டால் பாலம் ஏறுவார்கள். பாதியில் விழுந்தால் உட்கார்ந்துவிட்டு மறுபடி எறிவார்கள். ஓடையில் இருக்கும் ஏதோ பேய்க்குக் கல் போடுகிறார்கள் என்று கண்டக்டர் சொன்னார். நானும் நம்பினேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கால் பிசகி என்னிடம் வந்ததில்லை என்பது என் கவனத்தில் படவே நாளாயிற்று.

அக்காவிடமே கேட்டேன். "எந்தப் பேயிங்க அது?"

"பேயா? நம்ம முதுகுதான்யா பேயி" என்றார். "காலையில இருந்து கூடையை இழுத்துப் பிடிச்சுக் குனிஞ்சே நிக்கி. கூடையை இறக்கிட்டோம்னு நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. இன்னும் பாரம் இருக்குன்னு நினைச்சு முன்னால தள்ளும். அப்படியே பாலம் ஏறினா தலைகுப்புறத்தான். ஒரு கல்லை ஓங்கி எறிஞ்சா நிமிந்துரும்."

"பாறையில் படவில்லை என்றால்?"

"இன்னும் நிமிரலைன்னு அர்த்தம்."

என்னையும் எறியச் சொன்னார். என் கல் காலடியில் விழுந்தது. பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். "கையால எறியாதியய்யா. குதிங்காலுல கிளம்பணும், இடுப்புல திரும்பணும், தோளு வழியா போவணும். கையி கடைசியில விட்டுக்குடுக்கும், அவ்வளவுதான்." எலும்பும் தசையும் படம் பார்த்துப் படித்தவன் நான். அந்தப் படங்கள் எதிலும் இது இருந்ததில்லை.

மறு வருடம் ஆடி மழையில் ஒரு நாள். மதியச் சாப்பாட்டுக்கு இக்கரையில் இருந்தேன். அக்கரை லயத்தில் அக்காவின் தம்பி மனைவி மரியபுஷ்பத்துக்குப் பிரசவமாகி, ரத்தம் நிற்கவில்லை என்று குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வெள்ளம் மரத்தை நக்கிக்கொண்டு போகிறது. பிடிகம்பியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஊசி மருந்து என் பையில் இருக்கிறது. என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று மனம் தேடியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கரையில் அக்கா துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையில் கல்லைக் கட்டினார். முதல் எறி தண்ணீரில். இரண்டாவதும் தண்ணீரில். மூன்றாவது முறை ஒரு கால் பின்னே வைத்து, உடம்பு முழுவதையும் திருப்பி எறிந்தார். கல் என் தலைக்கு மேலே போய்க் கொய்யாமரத்தில் சுற்றிக்கொண்டது. இறுக்கிக் கட்டினேன்.

"பையைக் கையில பிடிக்காதிய! முதுகுல கட்டுங்க! என்னையப் பாத்துட்டே வாங்க!"

கயிற்றைப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த முகத்திலும் பயம் இருந்தது. ஆனால் அது அசையவில்லை. மரியபுஷ்பம் பிழைத்தார்.

இனி, போன வியாழக்கிழமை.

தேயிலைச் செடியை வெட்டும் கவாத்துக் கத்தி பட்டு ஒருவர் கையில் ரத்தத்தோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். தையல் போடும்போது பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ரத்தத்தைப் பார்த்து அவர் கத்த, ஊசியைக் கீழே வைத்தேன். வெளியே வந்தேன். எதிர்க்கரை எடைக்களத்தில் அக்கா கூடையை இறக்கிவிட்டுக் கரைக்கு வந்து, கல்லெடுக்கக் குனிந்துகொண்டிருந்தார்.

"கல்லெல்லாம் அப்புறம்! ஓடி வாங்க அக்கா!"

என் குரல்தான். விழுந்த எத்தனையோ பேருக்குக் கட்டுப்போட்டுக் காரணம் கேட்டவன், அந்தக் கல் எதற்கென்று அறிந்தவன், கத்தினேன். அவர் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார். மரத்தில் ஏறி நாலைந்து அடி ஓடி வந்திருப்பார். முதுகு குனிந்தே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் கம்பியைப் பிடிக்கப்போன கை காற்றைப் பிடித்தது. கீழே பாறையில் கிடந்தவரை ஜீப்பில் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பினோம்.

கத்தி பட்டவர் நன்றாக இருக்கிறார். அவ்வளவு பெரிய காயமும் இல்லை.

புதன்கிழமை அடக்கம். பெட்டியின் முன்பக்கம் இடது தோள் நான் கொடுத்தேன். கோயிலிலிருந்து பாலம் கடந்து, தேயிலைக் காட்டுக்கு மேலே உள்ள கல்லறைத் தோட்டம் வரை சுமந்தோம். பாலத்தில் முன்னே ஒருவர், பின்னே ஒருவர்தான்; முன்னே போன நான் தடுமாறவில்லை. பாரம் இருந்தது.

மண் போட்டுவிட்டுத் துக்க வீட்டுக்குத் திரும்பியபோது எல்லோரும் கரையில் நின்றார்கள். எறியும்படி யாரும் சொல்லவில்லை. மரியபுஷ்பம் முதல் கல்லை எடுத்து எறிந்தார். பாறையில் பட்டது. பெட்டி சுமந்த ஆண்களும் வரிசையாக எறிந்தார்கள். என் முறை வந்தது. கை எழவில்லை.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றேன். "கல்லெறிய விடாமல் நான்தான்…"

"தெரியும்யா" என்றார் மரியபுஷ்பம். "எடைக்களத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு."

ஆறு நாளாக அவர்களுக்குத் தெரியும். அந்த ஆறு நாளும் என்னிடம்தான் மருந்து வாங்கினார்கள்.

அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். "எறியுங்க. நிமிராம ஏறக்கூடாது."

முதல் கல் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதும். ஒருவர்கூட எனக்கு முன்னால் பாலம் ஏறவில்லை. அழுதுகொண்டே குதிகாலை ஊன்றினேன். மூன்றாவது கல் பாறையில் பட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

போய் வாருங்கள், அக்கா. மரத்தில் கால் வைத்தபோது பயம் அப்படியேதான் இருந்தது. அக்கரையில் நீங்கள் நின்ற இடத்தைப் பார்த்தபடியே வந்து சேர்ந்தேன்.