நான் ஓட்டிய பாதைக்கு ஒரு டிக்கெட்

காலை ஆறு மணிக்கு நெளுக்குளத்தில் ஓட்டோ பிடித்து வவுனியா பஸ் நிலையத்துக்கு வந்தேன். முல்லைத்தீவு பஸ் ஆறரைக்கு. இருபது வருடம் அந்தப் பாதையில் தனியார் பஸ் ஓட்டியவன் நான். பயணியாகப் போவது இதுதான் முதல் தடவை.

போன வருடம் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என் இடது கண்ணைக் கொண்டுபோனது. கண்ணோடு வேலையும் போனது. "அண்ணைக்கு ஒரு பக்கம் தெரியேல்லை" என்று பஸ் முதலாளியிடம் போய்ச் சொன்னவன், என்னோடு ஒன்பது வருடம் நடத்துநராக நின்ற நவாஸ். என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி அன்று பின்னேரமே பஸ் திறப்பை என்னிடமிருந்து வாங்கிவிட்டார். பிறகு நவாஸும் வேலையை விட்டு, சொந்த ஊரான தண்ணீரூற்றில் கச்சான் கடலைத் தோட்டம் செய்யப் போய்விட்டான். அவனிடம் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டு, அத்தோடு உறவை முடித்துக்கொள்ளத்தான் இந்தப் பயணம்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "மற்றக் கண் இருக்குத்தானே, கடவுளுக்கு நன்றி சொல்லுங்கோ" என்றார்கள். தங்கள் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

வாசலோரம் முன் இருக்கையில் இருந்தேன். நடத்துநர் என்னை அடையாளம் கண்டு, "அண்ணைக்கு என்னத்துக்கு டிக்கெட்?" என்றார். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "நான் இப்ப றைவர் இல்லைத் தம்பி. காசை வாங்கும்," என்று ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். டிக்கெட்டையும் மிச்சத்தையும் தந்தார்.

ஓமந்தை தாண்டியதும் சாரதியைக் கவனிக்கத் தொடங்கினேன். முப்பது வயதுகூட இராது. புளியங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி நெடுங்கேணி வீதியில் ஏறும்போது அவன் கியர் மாற்றிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வளைவுகளில் வளைத்த விதமும் பிடிக்கவில்லை. என் வலது கால் தானாகவே பிறேக்கைத் தேடிக் காலடிப் பலகையை அமத்திக்கொண்டிருந்தது. நெடுங்கேணியில் ஏறிய ஒரு பெண் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் இருந்தார். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஒன்பது மணிபோல் ஒட்டுசுட்டானைக் கடந்தோம். அங்கிருந்து முள்ளியவளைக்குப் பதினைந்து கிலோமீற்றர் இருக்கும், பெரும்பாலும் காடு. வீதி வெறுமையாகக் கிடந்தது. திடீரென்று பிறேக். நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பக்கத்துப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"றோட்டில ஒண்டுமில்லை. ஆரைக் கொல்ல இப்பிடிப் பிறேக் அடிக்கிறீர்? உமக்கு ஆர் லைசன்ஸ் தந்தது?"

சாரதி கையை நீட்டி இடது பக்கம் காட்டினான். தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸின் முன் மூலையில் முட்டுமளவுக்கு ஒரு பசுவும் கன்றும் நின்றன. முன்னால் இருந்த அத்தனை பேரும் கண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் காணவில்லை.

"இருங்கோ ஐயா," என்றார் அந்தப் பெண். இருந்தேன். சாரதி ஆசனத்தில் நான் இருந்திருந்தால் பிறேக்கை மிதித்தே இருக்கமாட்டேன். குழந்தை மறுபடியும் என் பொத்தானைப் பிடித்தது. இழுக்க விட்டேன்.

தண்ணீரூற்றில் இறங்கும்போது, "குறை நினையாதேயும் தம்பி," என்றேன். சாரதி தலையாட்டினான்.

நவாஸ் தோட்டத்தில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மண் கையோடு எழும்பினான்.

"என்னைப் பேசத்தானே வந்தனீங்கள், அண்ணை. பேசுங்கோ."

"ஓம். பேசத்தான் வந்தனான். ஏன்டா என்னட்ட முதல் சொல்லேல்லை?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "சொன்னா, 'எனக்குத் தெரியுது, நீ ஏறு' எண்டிருப்பீங்கள். நானும் ஏறியிருப்பன், அண்ணை."

கேட்க வந்த மற்றக் கேள்விகளை விட்டுவிட்டேன். அவன் ஏறியிருப்பான். பின்னால் ஐம்பது பேரும் ஏறியிருப்பார்கள்.

"எனக்கு இன்னும் கோபம்தான்," என்றேன். "ஆனா நீ போய்ச் சொன்னபடியாத்தான் நான் ஒருத்தரையும் கொல்லேல்லை. நன்றியடா." அதையும் ஏசுவது போலத்தான் சொன்னேன். அவனுடைய மனைவி மத்தியானச் சோறு போட்டார். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பின்னேரம் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். நவாஸ் பை நிறையப் பச்சைக் கச்சான் தந்திருந்தான். இருபது வருடத்தில் இந்தப் பாதையில் நான் ஒரு தடவையும் கண் அயர்ந்ததில்லை. அன்று ஒட்டுசுட்டான் வருமுன்னமே நித்திரையாகிவிட்டேன். வவுனியாவில் நடத்துநர்தான் தோளில் தட்டி எழுப்பினார்.