அங்கமுத்துவின் இடது கை

என் தங்கை பெரியநாயகியின் புருஷன் அங்கமுத்துவுக்குப் பயம் கூடவே பிறந்தது. மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் புகைவீட்டு வேலை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, காய்ந்ததும் எடுத்து அடுக்க வேண்டும். தோட்டத்து ஆபீஸ் கிராணி கூப்பிட்டால் பயம், லாரிக்காரன் ஹாரன் அடித்தால் பயம், வானம் இருட்டினால் பயம். இப்படிப்பட்ட மனிதர் நாலு பேர் முன்னால் வாசிக்க வேண்டிய கிட்டாரை ஏன் கையில் எடுத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எடுத்தது மட்டும் இல்லை, பேய் பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்.

ஜாசினில் எங்களுக்கு ஓர் இசைக்குழு இருந்தது. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த சிவசாமி மாஸ்டர் ஆர்மோனியம் வாசிப்பார், குழுவே அவருடையதுதான். நான் தபேலா. மாப்பிள்ளை லீட் கிட்டார். அதாவது, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் மெட்டைத் தனியாக எடுத்து வாசித்து, பாட்டைத் திரும்பவும் அவர் கையில் ஒப்படைக்க வேண்டியவர். அந்தக் கொஞ்ச நேரம் சபை முழுக்க அவரையே பார்க்கும். அதற்காகத்தான் அவர் வாரம் முழுக்க உயிர் வாழ்ந்தார் என்று சொல்வேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டுப் பொங்கலுக்கு மலாக்கா டவுனில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கு நிகழ்ச்சி கிடைத்தது. அதற்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம், கடையின் பின்கட்டில் ஒத்திகை. மாஸ்டர் பாதியில் ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

"அங்கமுத்து, கோழி அரிசி பொறுக்குற மாதிரி வாசிக்கிற லா. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கொத்து. ஒரு தடவ மீட்டிட்டு மிச்சத்த இடது கையில விடணும். வழுக்கிக்கிட்டுப் போகணும்."

"பழகிக்கிறேன் மாஸ்டர்."

"உஜோங் பாசீர்ல செரானிக்காரர் ஒருத்தர் இருக்காரு, போர்த்துகீசிய வம்சம். அவரு வாசிச்சா எண்ணெய் ஊத்துற மாதிரி இருக்கும். பொங்கலுக்குள்ள உனக்கு வரலன்னா அவரத்தான் கூப்பிடுவேன். கோவிச்சுக்காத."

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். முகம் வெளுத்து, கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

மாஸ்டர் கேட்டது லேசான காரியம் இல்லை. ஒரு விரலால் தந்தியை அழுத்தி ஒருமுறை மீட்ட வேண்டும். அந்த ஒலி சாவதற்குள் அடுத்த விரல் மேலிருந்து தந்தியில் விழ வேண்டும். விழுகிற வேகத்திலேயே அடுத்த ஸ்வரம் கேட்கும். இறங்கி வரும்போது விரலைச் சும்மா தூக்கினால் ஒலி அறுந்துபோகும். லேசாகப் பக்கவாட்டில் சுண்டி எடுக்க வேண்டும். மீட்டிய ஸ்வரம் பெரிதாகவும் விரல் போட்ட ஸ்வரம் சிறிதாகவும் கேட்டால் நொண்டுகிற மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். மாப்பிள்ளையின் சுண்டுவிரலோ மோதிரவிரலை விட்டுப் பிரியமாட்டேன் என்று கூடவே ஓடியது.

பழக நேரம் வேண்டும். அவருக்குக் கிடைத்த நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். அது ஊரடங்கு நேரம்; அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்த காலம். மலாக்கா டவுனில் அந்தக் கெடுபிடியெல்லாம் எப்போதோ தளர்ந்துவிட்டது. அவர்கள் தோட்டத்தில் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் ஸ்பெஷல் போலீஸ். அதற்குச் சில வாரம் முன்புதான் பக்கத்து லயத்து மனிதர் ஒருவர், கோழியைப் பிடிக்க வந்த மரநாயை விரட்டத் தகரத்தைத் தட்டினார். காட்டில் இருக்கிறவர்களுக்குச் சைகை கொடுத்தார் என்று கொண்டுபோய்விட்டார்கள். அவர் இன்னும் திரும்பி வரவில்லை.

"ஏங்க, அந்தச் சீப்புத் துண்டால தட்டுறப்ப டக்கு டக்குனு வெளிய கேக்குது. அந்த அண்ணனையும் இப்படித்தான கொண்டு போனாங்க?" என்றாள் பெரியநாயகி. கிட்டார் மீட்ட அவர் வைத்திருந்தது பழைய சீப்பிலிருந்து வெட்டிய துண்டு.

"பொங்கலுக்குள்ள வரலன்னா மாஸ்டர் ஆள மாத்திடுவாரு நாயகி."

"மாத்தட்டும். என் ஆளு போயிட்டா எனக்கு எவன் மாத்திக் கொடுப்பான்?"

அவர் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். சீப்புத் துண்டு அவளிடம் இருக்கும். வலது கை மடியில் கிடக்க வேண்டும். இடது கையால் மட்டும் என்னவோ செய்துகொள்ளட்டும். இரண்டு நாளில் அலுத்துப்போய் மூட்டை கட்டிவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். மீட்டாமல், இடது கை விரல்களைப் போட்டும் சுண்டியுமே ஸ்வரத்தை வரவழைப்பதுதான் மாஸ்டர் கேட்டதற்கு ஏற்ற பயிற்சி என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

மார்கழியில் ஒரு நாள் நான் போயிருந்தபோது வாசித்துக் காட்டினார். தந்தியைத் தாங்கும் எலும்புக் கட்டையை அரத்தால் தேய்த்துத் தந்தியைத் தாழ்த்தியிருந்தார். விரல்கள் தந்தியை விட்டு அரிசியளவு கூட எழும்பவில்லை. சுண்டுவிரல் தனியாக நடக்கக் கற்றிருந்தது. காதைக் கிட்டத்தில் கொண்டுபோனால்தான் ஏதோ கேட்டது. ஆனால் கேட்டது அத்தனையும் ஒழுங்கு. நான் வாய்விட்டுப் பாராட்டினேன். அவர் உதட்டில் விரல் வைத்துக் கதவைப் பார்த்தார். அப்போது பட்டப்பகல்.

"அண்ணே, முந்தாநேத்து நடந்தது தெரியுமா?" என்று தங்கை சந்தோஷமாக ஆரம்பித்தாள். ஊரடங்குக்குப் பிறகு ஆட்களை எண்ண வந்த போலீஸ்காரர் வெகுநேரம் வாசலில் நின்றிருக்கிறார். மாப்பிள்ளை அவரைப் பார்க்காமல் மும்முரமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அந்த ஆள், "கிட்டார் சும்மா மடியில வெச்சிருக்கீங்க. வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாது துவான்" என்று துரைக்குச் சொல்கிற மாதிரி எழுந்து நின்றிருக்கிறார் இவர்.

"வாசிச்சதே அவருக்குத் தெரியலண்ணே" என்று அவள் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பாடுபட்டு வாசிக்கக் கற்றுக்கொண்ட மனிதர், வாசிக்கத் தெரியாது என்று கைகட்டி நின்றிருக்கிறார்.

கடைசி ஒத்திகையில் மாஸ்டர் குனிந்து கேட்டார். "வழுக்குது. நல்லா வழுக்குது. ஆனா சத்தம் எங்க?"

மாப்பிள்ளை முயன்று பார்த்தார். வலது கைக்குப் பலமே இல்லாமல் போயிருந்தது. மேடைக்கு வாடகைக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வருகிறது, கிட்டாரில் ஒலியை வாங்கும் மின்சாரக் கட்டையை மாட்டினால் சரியாகிவிடும் என்று மாஸ்டர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனாலும் செரானிக்காரரையும் வரச் சொல்லிவிட்டார்.

பொங்கலன்று பகல் நிகழ்ச்சி. வழியில் எங்கள் லாரியை நிறுத்திச் சோதனை போட்டதில் நேரமாகிவிட்டது. பெட்டியைப் போட்டுப் பார்க்க அவகாசம் இல்லை. நேராக மேடை ஏறினோம். மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் பெரியநாயகி. மேடை ஓரத்தில் செரானிக்காரர், வெள்ளைச் சட்டையில், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தயாராக.

முதல் பாட்டில் பல்லவி முடிந்து மாப்பிள்ளையின் இடம் வந்தது. ஒருமுறை மீட்டினார், விரல்களைப் போட்டார். பெட்டியிலிருந்து வந்த சத்தத்தில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. தன் விரலின் சத்தத்தை அவர் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. பாம்பை மிதித்தவர் போல உடம்பு தூக்கிப் போட்டது. சட்டென்று பக்கத்தில் இருந்த பெட்டியின் சத்தத் திருகைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார்.

பிறகும் வாசித்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது. ஒரு மீட்டு, நாலு ஸ்வரம்; ஏறி, இறங்கி, ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. சபைக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் தபேலா மட்டும் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். மாஸ்டர் செரானிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எழுந்தார்.

"மாப்பிள்ளை, திருகு. திருகக் கூட்டுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கேக்கலங்க." என் தங்கை எழுந்து நின்றிருந்தாள். வீட்டில் பாத்திரத்தைக் கூட ஓசைப்படாமல் வைக்கிறவள், முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில் நின்று மறுபடியும் சொன்னாள். "எனக்குக் கேக்கல. சத்தமா வாசிங்க."

அவர் அவளைப் பார்த்தார். திருகைத் திரும்பவும் கூட்டினார்.

மீதியை மண்டபமே கேட்டது. மாஸ்டர் சொன்ன எண்ணெய் அதுதான். செரானிக்காரர் நின்றபடியே கடைசி ஸ்வரம் வரை கேட்டுவிட்டுத் தன் கிட்டாரை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். மாஸ்டர் இன்னொரு சுற்று வாசிக்கச் சைகை காட்டினார். அதையும் வாசித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

கும்பிடுங்கள் என்று அவர் தோளைத் தொட்டேன். அவர் சபையைப் பார்க்கவே இல்லை. மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டு யாராவது வருகிறார்களா என்று. பெரியநாயகியும் உட்காராமல் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.