நாற்பத்தொன்றாவது படம்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் நின்றிருந்தேன். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி வந்து, "அண்ணே, மேப்பு பத்து குடுங்க, வெறுங்கோடு மட்டும் உள்ளது" என்றாள். கடைக்காரர் கட்டைப் பிரித்ததும் அச்சு மையின் வாசனை எழுந்தது. அவ்வளவுதான், நான் வாங்க வந்ததை மறந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மதுரையில் எம்.ஏ. புவியியல். வட்டாரம், பண்பாடு, அரசியல் என்று தனித்தனித் தாள்கள். இராஜபாளையத்தில் எங்கள் தெருவிலோ நான் மழைக்குப் படிப்பதாக நம்பினார்கள். பேண்டேஜ் துணி காயப்போடுகிற பக்கத்து வீட்டு மாமா தினமும் கேட்பார்: "ஏட்டி, துணிய விரிக்கலாமா, இன்னைக்கு மழ உண்டா?" எனக்கோ எல்லைக்கோட்டுக் கிறுக்கு. எந்தக் கோடு, யார் போட்டது, அந்தப் பக்கம் யார் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட ஆரம்பித்துவிடுவேன். பாவம், முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்கள்.

ஆய்வேட்டுக்காக, ஊர்க்காரர்களிடம் தாளைக் கொடுத்து அவரவர் மனதிலிருக்கும் ஊரை வரையச் சொன்னேன். சேத்தூருக்கு மேற்கே, என் வகுப்புத் தோழி பேச்சியின் ஊர். நாற்பது பேர் வரைந்தார்கள். எல்லார் படத்திலும் அவரவர் வீடு கோயிலைவிடப் பெரிது. சிரித்துக்கொண்டே அடுக்கினேன். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது சிரிப்பு நின்றது. எல்லாவற்றிலும் கீழத்தெரு ஒரே இடத்தில் வளைந்தது. வளைவுக்குள் வெறும் தாள். சர்வே படத்தில் அந்தத் தெரு நூல் பிடித்த மாதிரி நேர்.

"இங்க என்ன இருக்கு?" என்றேன் பேச்சியிடம்.

"ஏட்டி, அங்க ஒண்ணுங் கெடையாது." என் விரலை அவள் பார்க்கவேயில்லை.

உச்சிவெயிலில் தனியாகப் போனேன். நேர்த்தெருவில் புல் முளைத்திருந்தது. ஆள் நடந்த தடம் ஒதுங்கி வளைந்தது. புல்லில் இறங்கி நேராக நடந்தேன். ஒரு வீடு. வாசலில் அன்றைய கோலம். கதவருகே நாற்பது வயதுப் பெண்.

"வா தாயி. இந்த வாசலுக்கு ஆள் வந்து ஏழு வருசமாச்சு."

காய்ச்சல் ஒரே வாரத்தில் அந்த வீட்டில் ஐந்து பேரைக் கொண்டுபோயிருந்தது. இவர் மட்டும் பிழைத்தார். அன்றிலிருந்து ஊர் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டது. சாமான் வாங்கவும் பேச்சுக்குரல் கேட்கவும் சேத்தூருக்கு நடப்பாராம்.

அவரும் வரைந்தார். ஒவ்வொரு வீடு, வீட்டு ஆட்கள், கட்டிக் கிடக்கும் ஆடு. முந்தாநாள் பிறந்த பிள்ளையைக்கூடப் புள்ளியாக வைத்தார்.

"எப்படிக்கா இம்புட்டும் தெரியும்?"

"அவிய என்னையப் பாக்க மாட்டாவ. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்." கடைசியாகத் தன் வீட்டைப் போட்டார். "காலேசுப் படத்துல எங்க வீடு இருக்குமா தாயி?"

"கண்டிப்பா இருக்கும்க்கா."

தாளின் மூலையில் 41 என்று எழுதினேன். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

நானே வகுத்துப் பெருமைப்பட்ட விதி ஒன்று இருந்தது: பாதிப் படங்களிலாவது இருப்பது மட்டுமே, எல்லாவற்றையும் சேர்த்து நான் வரையும் கூட்டுப்படத்தில் ஏறும். அந்த வீடு ஒரே படத்தில் இருந்தது. விதியை மாற்றினால் மொத்த அத்தியாயமும் சரியும், கெடு நெருங்கிவிட்டது. வாய்மொழித் தேர்வில் வளைவைக் காட்டி, "இது என்ன?" என்றார்கள். "காலி மனை" என்றேன். படத்திலும் அப்படியே எழுதச் சொன்னார்கள், எழுதினேன். முதல் வகுப்பு.

அடுத்த வருடம் பைண்டு செய்த ஆய்வேட்டோடு போனேன். எதைக் காட்டப் போனேனோ, இன்றும் தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் உழுத மண். கீழத்தெருவில் ஆட்கள் நேராக நடந்தார்கள்.

"அந்தக்கா எங்கட்டி?" என்றேன்.

"எந்தக்கா?" பேச்சி நடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நாற்பத்தோரு தாள்களையும் துறையில் ஒப்படைத்திருந்தேன். அறை மாற்றியபோது கட்டோடு கழித்துவிட்டார்கள். என் கையில் ஆய்வேடு மட்டும்தான். பிடிவாதமாகப் பிரித்து நீட்டினேன். பேச்சி படத்தை வெயிலுக்குத் திருப்பி, நிதானமாகப் படித்தாள்.

"நீயே காலி மனைன்னுதான எழுதிருக்க."