என் கண் மங்குகிறது என்று சொன்ன காலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஒரு பருத்தி அரவை ஆலை முதலாளியிடம் கார் டிரைவராக இருந்தேன். டிரைவர் என்பது பாதி உண்மைதான். கோயமுத்தூர் டவுனுக்குள் நான் ஓட்டுவேன். அவினாசி ரோட்டில் ஏறியதும், "நகருடா, நான் ஓட்டறேன்" என்று எசமான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். ஐம்பது வயதில் வாங்கிய கார். அதை விட்டால் அவருக்கு வேறு ஆசை கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மைல்கல்லை உரக்கப் படித்துக்கொண்டே ஓட்டுவார். எட்டு என்றிருப்பதை மூன்று என்பார். நானும் "ஆமாங்க" என்பேன். எனக்கு முன்னால் இருந்த டிரைவர் அப்படிச் சொல்லவில்லை. ஆலை வாசலில் நாலு பேர் நிற்கையில், "எசமானுக்குப் பார்வை பத்தலீங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. நான் சேர்ந்த அன்றே ஆலை மேஸ்திரி இதை என் காதில் போட்டுவைத்தார்.

ஒரு நாள் காலை கருமத்தம்பட்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அச்சாணி கழன்று நடுரோட்டில் நின்றிருந்தது. வண்டிக்காரர் சக்கரத்தடியில் குனிந்திருந்தார். எசமான் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் பதறிப்போய்க் கைப்பிரேக்கை இழுத்தேன். கார் கோணிக்கொண்டு போய், வண்டிக்காரருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"நடுரோட்ல நிக்கறான் பாரு!" என்று எசமான் கத்தினார். ஆனால், நீ ஏன் பிரேக்கைத் தொட்டாய் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை தாராபுரத்தில் ஒரு கல்யாணம். மனைவியையும் இரண்டு பெண்களையும் தானே ஓட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொல்லிவிட்டார். அவர் மனைவியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வீட்டில் அவருக்குத் தலைகுனிவாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் தனியாக வந்தார். சுற்றிலும் யாரும் இல்லை. இப்போது விட்டால் முடியாது என்று வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க எசமான், எனக்குக் கொஞ்ச நாளாக் கண்ணு மங்கலாத் தெரியுதுங்க. டவுன்ல ஒரு கண் டாக்டர் இருக்காருங்களாம். தனியாப் போகப் பயமா இருக்குதுங்க. நீங்களும் கூட வந்தீங்கன்னா..."

"எப்பத்துலிருந்து மங்குது?"

"கருமத்தம்பட்டில அந்த வண்டியப் பார்த்ததுலிருந்துங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மங்கறது உன்ற கண்ணா, என்ற கண்ணா?"

இதற்கு மேல் பொய் வரவில்லை. "உங்களுதுங்க" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் ஈரமாயிருந்த கார்ப்படியில் அப்படியே உட்கார்ந்தார். "ரெண்டு வருசமா எனக்கே தெரியும்டா. சொன்னா வண்டியத் தொட உடமாட்டாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அந்த டிரைவரும் இதத்தான் சொன்னான். ஆனா ஊரு முன்னால சொல்லிப்போட்டான்." பிறகு, "அன்னைக்கு நீ பிரேக்க இழுக்காம இருந்திருந்தா?" என்றார். என் மார்பை அழுத்திக்கொண்டிருந்த கல் ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. அவருக்கும் இறங்கியிருக்கும் என்று தோன்றியது, முகம் அப்படித் தெளிந்திருந்தது.

அன்று மத்தியானமே டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, என்னைக் காட்டி, "இவர் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு வந்தார்?" என்றார்.

"எனக்குத் தொணைக்கு வந்தானுங்க" என்றார் எசமான்.

திங்கட்கிழமை தாராபுரத்துக்கு நான்தான் ஓட்டினேன். அவர் பின்னால் பெண்களோடு கதை பேசிக்கொண்டு வந்தார். அவ்வளவு நிம்மதியாக நான் அதுவரை கார் ஓட்டியதில்லை.

பத்து நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு முதல் வேலையாகக் காரைச் சுற்றி வந்தார். முன்பக்க மட்கார்டு அருகே குனிந்தார்.

"ஏண்டா, இந்தக் கீறல் எப்ப உழுந்துது?"

பெருந்துறைச் சந்தையில் நான் உரசிய கீறல் அது. மூன்று மாதமாக யாரும் பார்க்கவில்லை.

"நான்தானுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சரி, பெயிண்ட் அடிச்சுப்போடு" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங் பக்கமாகப் போய் ஏறினார்.