வாழைக்குற்றித் தூபி

எங்கள் நகரத்தில் ஒருநாள் மட்டும் நிற்கும் நினைவுத்தூபி ஒன்று இருந்தது. வருடாவருடம் வைகாசியில், போரில் செத்த சனங்களுக்காகக் கடற்கரை வீதியோரத்து வெறுங்காணியில் காலையில் எழும்பும்; பின்னேரம் இருக்காது. முதலில் மண்ணைக் குவித்தார்கள், ஆமிக்காரரின் சப்பாத்துக் கால்கள் மிதித்துவிட்டன. அடுத்த வருடம் செங்கல் அடுக்கினார்கள், அதையும் தட்டிக் கொட்டினார்கள். எனக்கு எட்டு வயதான வருடம் என் பெரியம்மா அந்த வேலையைக் கையில் எடுத்தார்.

பெரியம்மா லேசில் மசிகிற ஆளில்லை. கொக்குவிலில் எங்கள் வளவில் குலை வெட்டிய வாழைகளைத் தறித்து, லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டுபோய், மண் மூட்டைகளுக்கு நடுவே நட்டு, ஒவ்வொன்றிலும் காற்றுப் படாதபடி குழி குடைந்து சின்ன மண் சிட்டி விளக்கு வைத்தார். எதுவும் கட்டக்கூடாது என்று சொல்ல வந்த பொலிஸ்காரர் வாழைக்குற்றிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செத்த சனத்தின் நினைவாக எல்லாருக்கும் காய்ச்சிய கஞ்சியில் பெரியம்மா அவருக்கும் ஒரு சிரட்டை நீட்டினார்.

"குடியுங்கோ தம்பி. பின்னேரம் நாங்களே கழட்டிப்போடுவம்."

அவரும் வாங்கிக் குடித்தார். என்ன மனுசி பாருங்கள்.

சனம் வரிசையில் வந்து தங்கள் தங்கள் ஆட்களுக்கு விளக்கேற்றியது. எல்லாருக்கும் நெருப்பு எடுத்துக் கொடுத்த பெரியம்மா, தான் ஒன்றும் ஏற்றவில்லை. அவருடைய ஒரே மகனை, எங்கள் அண்ணையை, போர் முடிந்தபோது விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் ஏற்றிவிட்டதே பெரியம்மாதான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

அப்பா பொறுக்கமாட்டாமல் ஒரு விளக்கை ஏற்றிவிட்டார்.

"மச்சாள், அவனுக்கும் ஒண்டு எரியட்டும். எத்தினை வருஷமாச்சு."

பெரியம்மாவின் முகம் கறுத்துப்போனது. ஏற்றிய விளக்கை அணைப்பது எங்கள் பக்கத்தில் ஆகாத காரியம். எரிய விட்டால் அது அண்ணைக்கு என்றாகிவிடும். அவர் அதைப் பக்குவமாகத் தூக்கிக் கடைசிக் குற்றியில் கொண்டுபோய் வைத்தார்.

"விளக்கு வைக்க ஆருமில்லாமல் குடும்பத்தோட போன சனம் எத்தினை. உது அவையளுக்கு எரியட்டும்."

அப்பா கஞ்சிச் சிரட்டைகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

பின்னேரம் சொன்னபடியே பெரியம்மா குற்றிகளைப் பிடுங்கினார். நான் கூட நின்று மூட்டைகளில் இருந்த மண்ணைக் கொட்டிக்கொண்டே கேட்டேன்.

"அப்ப அண்ணைக்கு ஆர் பெரியம்மா வைக்கிறது?"

"நான் இருக்குமட்டும் ஒருத்தரும் வைக்கக்கூடாது. நான் இல்லாத வருஷம் நீ வை, பிள்ளை."

இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் தந்துவிட்டாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிற வருடமே வைக்கலாமா என்று கேட்டேன்.

பெரியம்மா என் தலையைத் தடவி, "பாப்பம்" என்றார்.