நான் உட்கார மறுத்த நாற்காலி

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், கிள்ளான் வீட்டுக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உற்றார் உறவினருக்கும், அக்காவிடம் படித்த பிள்ளைகளுக்கும் தங்கையின் பணிவான வணக்கம். இக்கட்டுரையை எழுதும்படி அத்தான் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் அக்காவுக்குச் செஞ்சது ஊருக்கே தெரியுமே அத்தான், நான் போய் எழுதுறதா?" என்றேன். "அதனாலதான்மா ஒன்ன எழுதச் சொல்றேன்" என்றார். அத்தானுக்கும் அக்காவின் வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அக்கா டெங்கிலுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் சீவும் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் பிறந்த பின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, குடும்பம் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்சுக்கு வந்தது. அம்மா நோயில் படுத்துவிட, என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். ஆசிரியர் பயிற்சிக்குத் தேர்வானதாகச் சேதி வந்த அன்று வீடே துள்ளிக் குதித்தது. அக்கா மட்டும், "தங்கச்சிக்கு யாரு தல சீவி விடுவா?" என்று கேட்டாராம். அப்பா கடைசிவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

துறைமுகத்தில் வேலை செய்த அத்தானை மணந்து அக்கா கிள்ளானில் குடியேறினார். எழுபதுகளில் அங்கு ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கரு உண்டாகித் தங்காமல் போனதுண்டு. அப்போதெல்லாம் நாங்கள் போய்ப் பார்ப்போம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்போம், கஞ்சி வைத்துக் கொடுப்போம், மழை பெய்வதைப் பற்றிப் பேசுவோம். போன உயிரைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. மரியாதையான குடும்பம் என்றால் அப்படித்தான் என்பது எங்கள் எண்ணம்.

அக்காவின் வகுப்பில் காலையில் முதல் கால்மணி நேரம் புத்தகம் திறக்கக் கூடாது. "இன்னிக்கு மனசு என்ன சுவை?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். சந்தோஷம் என்றால் இனிப்பு, கோபம் என்றால் காரம், அழுகை என்றால் உப்பு. காரணம் சொல்ல விரும்புகிற பிள்ளை சொல்லலாம். விரும்பாத பிள்ளையை அக்கா வற்புறுத்த மாட்டார். ஒரு பையன் நாள் தவறாமல் "பாகற்கா, டீச்சர்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவானாம். பிறகு ஒருநாள் அவனாகவே, "எல்லாரும் என்னைக் கறுப்பான்னு கூப்புடுறாங்க, எனக்குப் பேரு இருக்கு" என்றானாம். அன்று முதல் வகுப்பில் எல்லாரும் அவனைப் பேர் சொல்லியே அழைத்தார்கள்.

சண்டை வந்தால் அடிக்கிற பிரம்பை, ரோத்தானை, எடுப்பது மற்ற வகுப்புகளின் முறை. அக்கா ரோத்தானே வைத்திருக்கவில்லை. இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, சண்டை போட்ட இருவரையும் இடம் மாறி உட்காரச் சொல்வார். மற்றவனின் நாற்காலியில் உட்கார்ந்து, "நான்" என்று தொடங்கி, அவனாகவே பேச வேண்டும். ஒருமுறை ஒரு பையன் இன்னொருவன் கையைக் கடித்துவிட்டான். கடிபட்டவன் கடித்தவன் நாற்காலியில் போய் உட்கார்ந்து விசும்பிக்கொண்டே, "நான் ஏன் கடிச்சேன்னா, அவன் ரொட்டிய எங்கிட்டக் காட்டிக் காட்டித் தின்னான். நான் காலைல ஒண்ணுமே சாப்புடல" என்றானாம். சொல்லி முடித்ததும் தன் பையைத் திறந்து மிச்ச ரொட்டியை அவனாகவே எடுத்துக் கொடுத்துவிட்டானாம். இதை அக்கா ஒருநாள் எங்களிடம் சொன்னார். நான் அப்போது, "ஒங்களுக்கு வேற வேலை இல்லக்கா" என்று சிரித்தேன்.

உடன் பணியாற்றியவர்களும் கேலி செய்வார்கள். "ஒங்க வகுப்பு என்ன டீச்சர், கோர்ட்டா, கோயிலா?" என்பார்கள். "ரெண்டும் இல்ல, ஒன்னாங்கிளாஸ் லா" என்பார் அக்கா. சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஆனால் ஆண்டு முடிவில் அக்காவின் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிப்பதில் யாருக்கும் சளைத்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மகள் தேவி ஏழு வயதில் அக்காவின் வகுப்பில் சேர்ந்தாள். நாங்களும் அப்போது கிள்ளானில், அக்கா வீட்டுக்கு அருகிலேயே வாடகைக்கு இருந்தோம். அவ்வாண்டு எனக்கு இரண்டாவது பிள்ளை, ஆண் குழந்தை, இறந்தே பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பினேன். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிவைத்தார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தேவியிடம், "தம்பி அப்புறமா வருவான்" என்றோம். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். ஒருவருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு பிற்பகல் யாரோ கதவைத் தட்டினார்கள். தேவியோடு படிக்கும் சிறுமி ஒருத்தி கையில் வடைப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். அவள் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். "ஆன்டி, தேவி இன்னிக்கு உப்புன்னு சொன்னா. தம்பிப் பாப்பா செத்துட்டான், அம்மா குழாயத் தொறந்துட்டு அழுவுறாங்கன்னு சொன்னா" என்றாள். பிறகு பெரிய மனுஷி போலக் குரலைத் தாழ்த்தி, "ஆன்டி, குழாய மூடிட்டே அழலாம். அழுதா தப்பில்லன்னு எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள்.

இன்று நினைத்தால் அந்தப் பிள்ளையை அள்ளி அணைக்கத் தோன்றுகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். என் துக்கம் வகுப்பறையில் பேசப்பட்டு, வீடு வீடாகப் போய், வடையோடு திரும்பி வந்திருக்கிறது என்ற அவமானம் ஒன்றுதான் மனத்தில் இருந்தது. உள்ளே நின்ற தேவியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "வீட்டுல நடக்குறத இனிமே வெளிய பேசுன, அம்மா செத்துருவேன்" என்றேன். ஏழு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டது.

எனக்கு வாய் நீளம் என்பது இதைப் படிக்கும் உறவினர் அனைவரும் அறிந்ததே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தான் கெட்டது போதாதென்று மற்றவர்களையும் கெடுத்தது. மறுநாள் காலை பள்ளிக்குப் போனேன். பெற்றோரும் ஆசிரியர்களும் நிறைந்திருந்த நடையில், வகுப்பிலிருந்து வெளியே வந்த அக்காவைப் பார்த்து, "பெத்தவளுக்குத்தான் தெரியும் பிள்ளையோட அருமை. ஒங்களுக்கு என்ன தெரியும்? ஊரான் வீட்டுக் கதைய வாங்கி விக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று கத்தினேன். அக்கா கையில் சுண்ணக்கட்டியோடு நின்றார். அவர் சொன்னது, "தேவி உள்ளதான் இருக்கா. மெதுவாப் பேசு தங்கச்சி" என்பது மட்டுமே.

சொந்தத் தங்கையே இப்படிச் சொல்லிவிட்டாள் என்பது முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. அவர்கள் கூட்டமாகப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் கெட்டவரல்லர், பள்ளிக்குப் பேர் கெடுமோ என்று பயந்தார். அடுத்த ஆண்டு அக்காவுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் கொடுக்கப்பட்டது. அரசாங்கத் தேர்வு எழுதும் சோதனை ஆண்டு என்பதால் காலைக் கால்மணி நேரத்தை அங்கே யாரும் அனுமதிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புக்குப் புதிய ஆசிரியரும் ரோத்தானும் வந்து சேர்ந்தன. நாங்கள் பிரிக்பீல்ட்சுக்கு வீடு மாறி, தேவியை அங்கே மலாய்ப் பள்ளியில் சேர்த்தோம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அக்கா ஓய்வு பெறும்வரை கணக்குத்தான் சொல்லிக் கொடுத்தார், ஒன்றாம் வகுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது.

நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பஸ் பிடித்துத் தனியாக வந்தார். கூடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் கிடந்தன. அவற்றை எதிரெதிரே இழுத்துப் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. "நான் ஒண்ணும் ஒங்க ஒன்னாங்கிளாஸ் பிள்ளை இல்ல" என்றேன். அக்கா எனக்கென்று போட்ட நாற்காலியில் தாமே உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"நான் தங்கச்சி. என் பிள்ளை போயிருச்சு. எனக்கு அழக்கூட ஒரு எடம் இல்ல. குழாயடிதான் இருந்துச்சு, அதையும் ஊரே தெரிஞ்சுக்கிட்டாங்க. என் அக்கா தேவி சொன்னதக் கேட்ட அன்னிக்கே ஓடி வந்து என்னப் பாத்திருக்கணும். வரல. அவமேல எனக்கு ரொம்ப வருத்தம்."

சொல்லிவிட்டு எழுந்து, எதிரில் இருந்த தம் நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என் மனத்தில் எனக்கே தெரியாமல் இருந்ததைத் தெளிவாகச் சொன்னவரின் இடத்தில் உட்கார எனக்கென்ன குறைந்துவிடும்? ஆனால், "டீ போடுறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அக்கா டீயைக் குடித்து, "சீனி தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அதன் பிறகு அவர் நாற்காலிப் பேச்சையே எடுக்கவில்லை.

உறவு அறுந்துபோகவில்லை. தீபாவளிக்கு வந்தார், தேவியின் மஞ்சள் நீராட்டுக்கு முன்னின்று எல்லாம் செய்தார். ஒவ்வொரு முறையும் வாசலிலேயே தேவியிடம், "என்ன சுவை?" என்று கேட்பார். தேவி முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகுதான், "நல்லாருக்கேன் பெரியம்மா" என்பாள். பள்ளியில் என்ன நடந்தாலும், காய்ச்சல் கண்டாலும், தோழி பிரிந்து போனாலும் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில் "ஒண்ணும் இல்லம்மா" என்பதே. என் மகள் அடக்கமானவள் என்று பிறரிடம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். அடக்கியது யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு அக்காவைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சுப் போயிற்று. கிள்ளான் மருத்துவமனையில் அத்தானும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் போவேன். யாராவது கூட இருப்பார்கள், நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்புவேன். ஒரு காலை நான் வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு வந்தபோது தேவி கட்டிலோரம் உட்கார்ந்து, "பெரியம்மா, இன்னிக்கு என்ன சுவை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா மெல்ல மூக்கைச் சுருக்கி, பாகற்காய் தின்றவர்போல் முகத்தைக் கோணினார். இருவரும் சிரித்தார்கள். என் மகள் ஒருவரின் மனத்தைக் கேட்டதை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த வாரமே அக்கா எங்களைப் பிரிந்தார்.

போன வாரம் அத்தான் வீட்டில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டேன். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். தேவி எதிரில் இருந்தாள். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொன்னேன், அதையே இங்கும் எழுதுகிறேன்.

"நான் அக்கா. என் வயித்துலயும் பிள்ளைங்க வந்து போச்சு. யாரும் அதப்பத்தி எங்கிட்டக் கேக்கல. என் தங்கச்சி கஞ்சி கொண்டாந்தா, மழையப் பத்திப் பேசினா, போயிட்டா. நானும் குழாயத் தொறந்துட்டுத்தான் அழுதேன். ஒரு பிள்ளையும் அப்படி ஒளிஞ்சு அழக் கூடாதுன்னுதான் காலைல கால்மணி நேரம் கேட்டேன். அதுலதான் என் தங்கச்சி பிள்ளை வாயத் தொறந்துச்சு. அந்தத் தங்கச்சியே வந்து, ஒங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டா. எனக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு."

அக்கா, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. என்னை மன்னியுங்கள்.

அக்காவின் இறுதி நாள்களில் இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், பதினாறு நாளும் எங்களை அடுப்புப் பற்றவைக்க விடாத அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், பாடை சுமந்த அத்தானின் துறைமுக நண்பர்களுக்கும், தூர ஊர்களிலிருந்து வந்து நின்ற அக்காவின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று வடை கொண்டுவந்த பிள்ளை இதைப் படிக்க நேர்ந்தால், கதவைச் சாத்தியதற்கு என்னைப் பொறுத்துக்கொள் அம்மா. வடையைச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று உன் அம்மாவிடம் சொல்.

இதுவரை எழுதி, தேவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்துவிட்டுத் தாள்களை மடித்துக் கீழே வைத்தாள். "பெரியம்மா நாற்காலி சரிம்மா. என் நாற்காலி?" என்றாள். எழுந்து தான் இருந்த இடத்தை எனக்கு விட்டாள்.

போய் உட்கார்ந்தேன். "நான் தேவி. எனக்கு ஏழு வயசு. நான் பேசினா எங்கம்மா செத்துருவாங்க" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. தேவி எதிரில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தாள். குளியலறை பக்கத்தில்தான் இருந்தது, நான் எழுந்து போகவில்லை.